எஸ்தர் எடுத்த காலி வானம்

புதன்கிழமை காலை கல்லூரிக்குப் போன் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தரின் அண்ணன். "கோமதி, எஸ்தர் போயிட்டா. சாயங்காலம் அடக்கம்" என்றார். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே போனேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பத்திரண்டு சாகிற வயதா?

கூடப் படித்த உங்களுக்கு அவள் வாய் தெரியும். நானும் அவளும் ஒன்றாகத்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். அவளுக்குக் கிடைத்தது அகச்சிவப்புக் கதிரில் வானத்தைப் படமெடுக்கும் வேலை. பெரிய நட்சத்திரங்கள் தூசி மேகத்துக்குள் கூட்டமாகப் பிறக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்தத் தூசியைத் தாண்டி வராது, அகச்சிவப்பு வரும். ஆனால் அந்தக் கதிரில் வானமே வெப்பத்தால் ஒளிரும். அதனால் பக்கத்தில் ஒரு காலி இடத்தையும் படமெடுத்து, முதல் படத்திலிருந்து கழிக்க வேண்டும். "ஏட்டி, நீ அம்பை பஸ்ஸுல காலி இடம் தேடுத, நான் வானத்துல தேடுதேன். ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புதாம்ட்டி" என்பாள்.

பெரிய நட்சத்திரங்களைச் சுற்றிச் சிறிய நட்சத்திரங்கள் குறைவாகவே பிறக்கின்றன என்று அவள் முடிவு கண்டாள். ஆய்வேட்டையும் கொடுத்தாயிற்று, பட்டம் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். கருவிக் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"கோளாறு இல்லட்டி. காலின்னு நான் எடுத்த இடமும் தூசிதான். அதுக்குள்ளயும் நட்சத்திரம் கிடக்கு, கழிச்சா இங்க கறுப்புப் புள்ளியா விழுது. இருக்கதையெல்லாம் நானே கழிச்சுப் போட்டிருக்கேன்."

அவள் முகம் வெளுத்திருந்தது. 'இப்போதைக்கு விடு, பிறகு திருத்தலாம்' என்று வழிகாட்டி சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வானத்தின் அந்தப் பகுதி குளிர்காலத்தில்தான் நன்றாகத் தெரியும். காத்திருந்து, மறுபடி படமெடுக்க மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்குப் போனால், கிடைத்த இரவெல்லாம் மேகம். அடுத்த குளிர்காலத்துக்குள் ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆய்விதழை எடுத்துப் போனேன். அவளிடம் மறைக்க மனசு வரவில்லை. வெளிநாட்டுக் குழு ஒன்று அதே பகுதியைப் படமெடுத்து, சிறிய நட்சத்திரங்கள் ஏராளம் என்று எழுதியிருந்தது.

"காலி இடத்தை எங்கன எடுத்திருக்காவன்னு பாரு" என்றாள் முதலில். பார்த்துச் சொன்னேன். "நல்ல தூரத்துல எடுத்திருக்காவ. அப்ப சரியாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். நானும் அழுதேன்.

அடக்கம் முடிந்ததும் அவள் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பட்டமும் இல்ல, பேரும் இல்ல. ஒண்ணுமில்லாமப் போயிட்டாளேம்மா" என்றார்.

அந்தக் கறுப்புப் புள்ளிப் படத்தை அவரிடம் கேட்டு வாங்கி வந்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். இனி எந்த இடத்திலும் ஒன்றுமில்லை என்று எழுத எனக்குக் கை வராது. 'ஒண்ணுமில்லாம' என்று அவள் அண்ணன் சொன்னாரே, அந்த வார்த்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.