பைக்குக் காவல்

கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் முதலில் நடப்பது ரோல்ஸ் சுற்றுவதுதான். முதல் நாள் பின்னேரமே அம்மா மீனையும் உருளைக்கிழங்கையும் பிரட்டி வைத்துவிடுவார். விடியக் காலையில் எழும்பிப் பொரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அலுமினியத் தாளில் சுற்றி, தேத்தண்ணிப் போத்தலோடு பைக்குள் அடுக்குவார். பன்னிரண்டு ரோல்ஸ். நாங்கள் இரண்டு பேர். “அங்க விக்கிற வெறும் கிழங்குப் பொரியலை மனுசர் தின்னுவினமோ?” என்பார். ரயிலில் பையைத் திறந்தால் முழுப் பெட்டிக்கும் கறி மணக்கும். இந்தப் பெண்மணி யாரென்றே எனக்குத் தெரியாது என்பதுபோல நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இருப்பது சுவிஸில், ஊஸ்டர் என்ற ஊரில். அப்பாவுக்குத் தொலைவில், எங்கடின் மலைப்பக்கத்தில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. கோடைக்கும் பனிக்காலத்துக்கும் அங்கேயே தங்கிவிடுவார். இடையில் ஹோட்டல் பூட்டுகிற வாரங்களில்தான் வீட்டுக்கு வருவார். கோடை விடுமுறையில் என் வகுப்புப் பிள்ளைகள் விமானம் ஏறிக் கடலுக்குப் போவார்கள். எங்கள் விடுமுறை ஒரே ஒரு நாள், அதுவும் ரயிலும் பஸ்ஸுமாக இரண்டு மணி நேரம் போகிற இந்தப் பூங்காவில். அம்மாவுக்கு அதற்கு மேல் நேரம் கிடைக்காது. அவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. பிள்ளைகள் இல்லாத வாரங்களில்தான் அங்கே கதிரை மேசைகளைத் தூக்கிவைத்துப் பெரிய கழுவல் நடக்கும்.

அந்த வேலையைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. கேட்டால், “அம்மா பள்ளிக்கூடமொன்றில் வேலை செய்கிறார்” என்று நிறுத்திக்கொள்வேன். ஆசிரியர் என்று அவர்கள் நினைத்தால் அது அவர்கள் பாடு.

எனக்குப் பதினாறு வயதான கோடை அது. அடுத்த திங்கட்கிழமை மருந்துக்கடை ஒன்றில் தொழிற்பயிற்சி தொடங்கவேண்டும். இனி இப்படி ஒரு நாள் கிடைக்குமோ தெரியாது. அம்மாவோ வழமைபோல வாசலுக்குப் பக்கத்து வாங்கில் அமர்ந்து, பையை மடியில் வைத்து, அதன் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். ஏழு வயதிலிருந்து நான் பார்க்கிற காட்சி. நான் மேலே சுழன்றுகொண்டிருப்பேன். கீழே அம்மா பைக்குக் காவல் இருப்பார். மதியச் சாப்பாட்டின்போது என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம்.

“நீங்கள் என்னோட வந்தனீங்களோ, பையைப் பாக்க வந்தனீங்களோ? ஒருநாளாவது என்னோட ஏறினனீங்களோ? நான் தனிய ஏறி, பக்கத்தில இருக்கிற ஆரோ ஒரு ஆளோட சேர்ந்து கத்துறன். வெக்கமா இருக்கு.”

“இந்தா, இன்னொண்டு தின். பசி வந்தா உனக்கு விசரும் சேர்ந்து வரும்,” என்றார் அம்மா. நான் வாங்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து மலை ரயிலைப் பார்த்தார். அது மேலே ஏறி, நின்று, பிறகு கூச்சலோடு சரிந்தது.

“உது தலைகீழாப் போகுமோ?”

“இல்லை.”

“அப்ப எழும்பு. ஏறுவம்.”

நான் துள்ளி எழும்பினேன். “பொறு, ரொய்லெற்றுக்குப் போட்டு வாறன்,” என்று பையையும் தூக்கிக்கொண்டு போனார். பை இல்லாமல் அம்மா எங்கேயும் போனதில்லை என்பதால் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ஏறுகிற இடத்தில் பைகளை வைக்கக் கதவில்லாத தட்டு ஒன்று இருந்தது. அதில் பையை வைத்துவிட்டு, “பிள்ளையாரே, நீதான் பாக்கவேணும்,” என்று அதையே பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ரயில் சரிந்ததும் அம்மா கத்திய கத்தல் இருக்கிறதே! “முருகா! ஐயோ முருகா! எடியே, நிப்பாட்டச் சொல்லடி! எனக்கு இறங்கவேணும்!” முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. கீழே வந்தபோது அம்மா முதலில் பையைத்தான் எடுத்தார். வாங்கில் குந்தி, நெஞ்சில் கையை வைத்து மூச்சு வாங்கினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதேயில்லை.

“கொஞ்சம் தண்ணி நிரப்பிக்கொண்டு வா. பிறகு இன்னொருக்கா ஏறுவம்,” என்றார்.

தேத்தண்ணி முடிந்த போத்தலை எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே சாப்பிட்டு முடித்த அலுமினியத் தாள்கள் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. சுவிஸ் பள்ளிக்கூடம் என் எலும்பு வரைக்கும் ஏற்றிய பாடம் ஒன்று உண்டென்றால் அது குப்பை பிரிப்பதுதான். எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய், மூன்று ஓட்டை உள்ள தொட்டியில் சரியாக ‘அலு’ என்று எழுதியிருந்த ஓட்டைக்குள் போட்டேன். நல்ல பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று தரம் ஏறினோம். அம்மா நான்காவது தரம் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மூன்று மணிக்கு அப்பாவின் அழைப்பு வந்தது. மதியச் சமையல் முடிந்து, இரவுச் சமையல் தொடங்குமுன் அவருக்கு இருக்கும் ஓய்வு நேரம் அது. தினமும் எடுப்பார். அப்பாவோடு கதைக்கும்போது அம்மாவுக்கு ஒரு பழக்கம். வலது கையில் போன் இருந்தால், இடது கை சட்டைக்குள் இருக்கும் தாலிக்கொடியைப் பிடித்து உருட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கும் போனை எடுக்குமுன்னரே இடது கை கழுத்துக்குப் போனது. போன கை அப்படியே நின்றது.

“ஓ, கழட்டி வைச்சனான்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பையைத் திறந்தார். துழாவினார். மீதியிருந்த இரண்டு ரோல்ஸ், போத்தல், குடை, கைப்பை எல்லாவற்றையும் வாங்கில் எடுத்து வைத்தார். போன் அடித்து ஓய்ந்தது.

“பிள்ளை, இதுக்குள்ள கிடந்த அலுமினியத் தாளெல்லாம் எங்கை?”

எனக்கு விளங்கிவிட்டது. நகையை அலுமாரியில் வைக்கிறவர் முட்டாள் என்பது அம்மாவின் கட்சி. ஊரில் சண்டை நடந்த காலத்தில் இடம்பெயர்ந்தபோது அரிசிமாப் பைக்குள் நகையைப் புதைத்துக் கொண்டுவந்தவர் அவர். இன்றைக்கும் எங்கள் வீட்டில் காப்பும் தோடும் மிளகாய்த்தூள் போத்தலின் அடியில்தான். ஆனால் தாலிக்கொடி மட்டும் எங்கும் ஒளிந்ததில்லை. பதினொரு பவுண். வேலைக்கும் அதோடுதான் போவார். என்னைப் பெறும்போதுகூடக் கழற்றவில்லை என்று பெருமையடிப்பார். என்னோடு ஏறுவதற்காக, சரியும்போது கழன்று பறந்துவிடுமோ என்ற பயத்தில், அதைக் கழற்றித் தாளில் சுற்றி, திறந்த தட்டில் கள்ளன் கண்டாலும் குப்பையென்று விட்டுவிடட்டும் என்று மற்ற உருண்டைகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

பொய் சொல்லலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் வாய் உளறிவிட்டது. “நான் எறிஞ்சுபோட்டன், அம்மா.”

அடி விழுமென்று நின்றேன். அடி விழுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எந்த வாளி?”

வாங்கில் கிடந்ததையெல்லாம் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிப்போய்க் காட்டினேன். அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். இரண்டு கோப்பி டின்கள் மட்டும் கிடந்தன. அம்மா தொட்டிக்குள் விரித்திருந்த குப்பைப் பையின் விளிம்பை விரலால் தடவினார்.

“பை புதுசு. மடிப்புக்கூட விரியேல்லை. இப்பதான் மாத்தியிருக்கினம்.” நிமிர்ந்து இடது பக்கத்துத் தொட்டிக்குப் போனார். அதிலும் புதுப் பை. வலது பக்கத்துத் தொட்டியோ நிறைந்து வழிந்தது. “அந்தப் பக்கத்தால வந்து இதோட நிப்பாட்டியிருக்கினம். வண்டில் நிறைஞ்சிருக்கும். கொட்டப் போயிருப்பினம். வா.”

“எங்கை எண்டு தெரியுமோ?”

“சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால. எங்கையும் அப்பிடித்தான்.”

அம்மா நடந்த வேகத்துக்கு நான் ஓடவேண்டியிருந்தது. பைக்குள் போன் மறுபடி அடித்தது. “எடுங்கோவன், அம்மா. அப்பா பயப்பிடப்போறார்.”

“எடுக்க மாட்டன்.” திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “கழுத்தில அது இல்லாமல் நான் அவரோட கதைக்க மாட்டன்.” கடவுளே, அது மட்டும் கிடைத்துவிட்டால் இனி வாழ்நாளில் கோபப்பட மாட்டேன் என்று நான் நேர்த்தி வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கடைக்குப் பின்னால் கம்பி வேலி இருந்தது. உள்ளே பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வண்டிலிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் வயதிருக்கும். எந்த நாட்டவரோ தெரியாது. அவருடைய ஜெர்மனும் அம்மாவின் ஜெர்மனைப் போலவே முறிந்து முறிந்துதான் வந்தது. முடியாது, கட்டிய பையை அவிழ்க்கக்கூடாது, கண்ணாடித் துண்டு இருக்கும், கையை வெட்டினால் மேலாளர் தன்னைத்தான் கேட்பார் என்றார்.

அம்மா கைப்பையைத் திறந்து, வேலைக்குக் கொண்டுபோகும் தடித்த றப்பர் கையுறைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார். “இஹ் அவுக் புட்சன்,” என்றார். நானும் துப்புரவு வேலைதான் என்று அர்த்தம்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். உன் அம்மா என்ன தேடுகிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். கலியாணத்தில் அப்பா கட்டிய சங்கிலி, நான்தான் குப்பையென்று எறிந்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “என் அம்மா பதினைந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். ஒரு துண்டுகூடக் கீழே விழாமல் தேடுவார்,” என்றேன். அதை இன்னொருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அவர் அம்மாவின் கையுறையைப் பார்த்தார். நான்கு பக்கமும் பார்த்தார். பிறகு வேலிப் படலையைத் திறந்துவிட்டார்.

அம்மா ஒரு வெறும் பையை விரித்து வைத்துக்கொண்டு, முதல் பையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் மாற்றினார். டின், மூடி, நசுங்கிய தட்டு. முதல் பையில் இல்லை. இரண்டாவது பையை அவிழ்த்ததும் அம்மா மூக்கைச் சுருக்கினார். எனக்கும் மணந்தது. மீன் ரோல்ஸ். ரயிலில் எந்த மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேனோ, அதே மணம். ஓ, எவ்வளவு அருமையான மணம்!

எங்கள் உருண்டைகள் ஒன்றாகத்தான் கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்தார். ஐந்தாவதை ஏந்தியதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிரிக்கவில்லை. பாரம் போதும் அவருக்கு. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அப்பாடா,” என்றார். பிறகுதான் அழுதார். நானும் பக்கத்தில் குந்தி அழுதேன். அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீக்கிரம், சீக்கிரம் என்று கையைக் காட்டினார்.

அம்மா குப்பைப் பைகளை முன்பு இருந்தபடியே கட்டி வைத்தார். மீதி இரண்டு ரோல்ஸையும் அந்தப் பெண்ணின் கையில் திணித்தார். அவர் நின்ற நிலையிலேயே ஒன்றைக் கடித்தார். உறைப்பு ஏறி மறுபடியும் கண்ணீர் வந்தது. இந்த முறை மூன்று பேரும் சிரித்தோம்.

அம்மா தாலிக்கொடியைக் குழாய்த் தண்ணீரில் மூன்று தரம் கழுவி, கண்ணில் ஒற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு வாங்கில் வந்து உட்கார்ந்து அப்பாவுக்கு எடுத்தார். எனக்கு ஒரு பயம் போய் மற்றப் பயம் பிடித்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். அப்பாவின் குரல் போனுக்கு வெளியே கேட்டது.

“என்ன நடந்தது? ஏன் எடுக்கேல்லை? எத்தினை தரம் அடிச்சனான்! நெஞ்சே நிண்டுபோச்சு.”

“மலை ரயிலில ஏறினனான். அதுக்குள்ள எப்பிடிப் போன் எடுக்கிறது?”

“ஆர், நீயோ?”

“நான்தான். நாலு தரம்.”

“அப்ப பை? பை ஆரிட்டை இருந்தது?”

அம்மாவின் இடது கை சட்டைக்குள் தாலிக்கொடியை உருட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார்.

“பிள்ளையிட்ட,” என்றார். “நல்ல கவனமாப் பாத்தவள்.”

“கெட்டிக்காரி,” என்றார் அப்பா. எனக்கு அடக்க முடியவில்லை. விம்மி விம்மி அழத் தொடங்கினேன். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, “பேசாம இரடி, அந்தாளுக்குக் கேக்கப்போகுது,” என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.