அந்த நாற்காலியின் சூடு

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைகிறேன். அங்கே டெய்லராக இருக்கும் ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கணவர் இறந்த பிறகு, பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

"ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற கோடுதான் கோட்டுத்துண்டு, அம்மிணி."

"அப்ப புள்ளின்னா என்னக்கா?"

"அதுக்கு வரையறை கிடையாது. நீளம் இல்ல, அகலம் இல்ல. ஆனா இருக்குதுன்னு ஒத்துக்கிட்டாத்தான் மத்ததைச் சொல்ல முடியும்."

அவள் மெல்லச் சொன்னாள்: "எங்க வீட்லயும் அவுக அப்படித்தான்க்கா இருக்காக."

நான் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துவிட்டேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

மனது உறுத்தியதால் ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அவளைத் தவிர யாரும் இல்லை. மூலையில் கிடந்த மர நாற்காலியில் உட்காரப் போனேன்.

"அதுல வேண்டாம்க்கா. அவுக இருக்காக."

வீம்புக்கு அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். யாரோ அப்போதுதான் எழுந்ததுபோல் சூடாக இருந்தது. வெயிலே படாத மூலை அது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்து, "நம்ம அக்காதான்" என்றாள்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இப்போதும் அவள் வீட்டுக்குப் போகிறேன். எதுவும் கேட்பதில்லை. தரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.