கிருஷ்ணம்மா முழுதாகப் பார்த்த படம்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடித் திரையரங்கில் கிருஷ்ணம்மா துப்புரவு வேலை செய்கிறாள். படம் முடியப் போகும் நேரத்தில் துடைப்பமும் குப்பைப் பையுமாக உள்ளே போய்ச் சுவரோரம் நிற்பாள். விளக்கு எரிந்ததும் பாப்கார்னைக் கூட்டி, சிந்திக் கிடப்பதைத் துடைத்து, அடுத்த காட்சிக்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும். அதனால் அவள் இதுவரை பார்த்ததெல்லாம் முடிவுகள்தான். யாராவது யாரையாவது கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பார்கள். அவர்கள் யார், என்ன நடந்தது என்பதை அவளே இட்டுக்கட்டி, வாசலில் டிக்கெட் சரிபார்க்கும் சமீராவிடம் சொல்வாள். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். சமீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அதற்கு முன்பு அவள் பண்டார் தெங்காரா பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கியவள். கணவன் இறந்த பிறகு மகள் பிரவீனாவோடு நகரத்துக்கு வந்தாள். பிரவீனா படித்தாள், சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைக் கடற்பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஒரு வாய்ச்சண்டைக்குப் பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு போனவள், அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். தீபாவளிக்கு வருவாள், சாப்பிடுவாள், போவாள். ஏன் போனாய் என்று கிருஷ்ணம்மா கேட்டதே இல்லை. விட்டுவிட்டுப் போனவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று மனத்தை இறுக்கிக்கொண்டாள்.

பள்ளி விடுமுறையில் ஒரு தமிழ் மாயாஜாலப் படம் வந்தது. மந்திரம் கற்ற ஓர் இளைஞனின் கதை. கடைசிக் காட்சியில் அவன் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்பான். அவனைப் பெற்றவள் வெளியே வந்து, யாரப்பா நீ, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்துபோவான்.

"நல்ல புள்ள லா," என்றாள் கிருஷ்ணம்மா, சமீராவிடம். "பெத்தவளுக்கே அடையாளம் தெரியாம மந்திரத்த போட்டுட்டு ஊர் சுத்தப் போறான். இதுக்கு கை வேற தட்டுறாங்க."

"ஆன்ட்டி, நீங்க இன்னும் படத்தையே பாக்கல. நாளைக்கு உங்களுக்கு ஆஃப்தானே? ஸ்டாஃப் டிக்கெட் இருக்கு, வாங்க."

"மந்திரம் தந்திரமெல்லாம் சின்னப் புள்ளைங்களுக்கும்மா."

"அப்ப ஏர்கோன்ல நல்லா தூங்கிட்டுப் போங்க. யாரு கேக்கப் போறா?"

மறுநாள் மதியக் காட்சிக்குச் சேலை கட்டிக்கொண்டு போனாள். முதலில் அவள் கண்ணெல்லாம் தரையில்தான் இருந்தது. முன்வரிசையில் யாரோ குளிர்பானத்தைக் கவிழ்த்ததைப் பார்த்து எழுந்திருக்கப் போய், இன்று தன் வேலை இல்லை என்று நினைவு வந்து உட்கார்ந்தாள்.

பிறகு படம் அவளை இழுத்துக்கொண்டது. அந்த இளைஞனின் மந்திரத்துக்கு ஒரு சாபம் இருந்தது. அவன் ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும், அவனைத் தெரிந்த ஒருவர் அவனை அடியோடு மறந்துபோவார். கூட்டாளிகள் மறந்தார்கள், காதலித்தவள் மறந்தாள். மிஞ்சியது அம்மா ஒருத்திதான். அந்த நேரம் பார்த்து அணைக்கட்டில் விரிசல் விட்டது. ஊர் மொத்தமும் கீழே இருந்தது. அவன் மாட்டேன் என்று மந்திரக்கோலை வீசி எறிந்தான். தாய் போய் அதை எடுத்து, சேற்றைத் துடைத்து, அவன் கையில் திணித்தாள்.

"ஊரே முழுகின பிறகு உன்ன நினைச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? போடுடா."

கிருஷ்ணம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை நாள் பாவம் என்று பரிதாபப்பட்டாளே, அந்தத் தாய்தான் அவனை அனுப்பி வைத்திருக்கிறாள். பாராமல் சொல்லிவிடும் அளவுக்குத் தெரிந்த கடைசிக் காட்சி வந்தபோது, அவன் தண்ணீரை விழுங்க முடியாமல் விழுங்குவதை இப்போதுதான் கவனித்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. அவளுக்குப் பதிலாக வேலைக்கு வந்திருந்த வெள்ளையம்மா துடைப்பத்தோடு நின்றாள்.

"என்னாக்கா, அழுவுறீங்களா?"

"ஏர்கோன் காத்து கண்ணுல பட்டிருச்சு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் மகளைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" பிரவீனாவின் குரலில் பதற்றம்.

"நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு கேக்கணும். நீ ஏன் வீட்ட விட்டுப் போன?"



"இப்ப எதுக்கும்மா இது?"

"சொல்லு. திட்ட மாட்டேன்."

"நீங்கதானேம்மா போகச் சொன்னீங்க."

"நானா?"

"அன்னைக்கு சண்டையில. 'அந்தப் பாலத்துலயே உனக்கு பாதி உயிர் போவுது, எனக்காக இப்படி ஓடாத, அங்கயே தங்கி உன் வாழ்க்கைய பாரு'ன்னு அழுதுகிட்டே சொன்னீங்க. நான் நல்லா யோசிச்சிட்டுத்தான் போனேன். அப்புறம் தீவாளிக்கு வந்தா மூஞ்ச தூக்கி வச்சிக்கிறீங்க. எனக்கு ஒண்ணுமே புரியல லா."

கிருஷ்ணம்மாவுக்கு அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பெட்டிச் சக்கரம் படியில் கடகடவென்று இறங்கிய சத்தம் மட்டும்தான் நினைவிருந்தது. ஆனால் அதற்கு முந்தைய நாட்களை யோசித்துப் பார்த்தாள். மழையில் நனைந்து வந்த மகள் காலணியைக்கூடக் கழற்றாமல் கதவோரம் சாய்ந்து தூங்கியதும், வண்டியில் கண் அசந்துவிட்டால் என்ன ஆகும் என்று தான் பயந்து கிடந்ததும் ஒவ்வொன்றாக வந்தன.

"சொல்லியிருப்பேன்," என்றாள் மெதுவாக. "சொல்லக் கூடியவதான் நான்."

அந்தச் சனிக்கிழமை, பண்டிகை எதுவும் இல்லாமலே பிரவீனா வந்தாள். எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. மதியத்துக்குள் பழைய சோற்றுப் பானையைத் தூக்கிப் போடுவது பற்றி இருவருக்கும் ஒரு சண்டை வந்தது. பானை அடுப்படியிலேயே இருந்தது. சாயங்காலம் பிரவீனா அம்மாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே, சிங்கப்பூர் அறைத்தோழியின் குறட்டையை நடித்துக் காட்டினாள். கிருஷ்ணம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஞாயிறு மாலை லார்க்கின் பேருந்து நிலையம் வரை கூடவே போனாள்.

"அடுத்த வாரம் வருவியா?"

"ஷிப்ட் பாத்துட்டு சொல்றேன்மா."

"வந்தா மீன் வாங்கி வைக்கிறேன்," என்றாள் கிருஷ்ணம்மா. பேருந்துக் கதவு மூடும்வரை அங்கேயே நின்றாள்.