இரட்டைப் பிராசசரும் பியோ கில்உங்கின் வாயும்

பியோ கில்உங் பத்தொன்பது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். இரண்டாயிரமாவது ஆண்டு வசந்தத்தில், மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தை உயரத்திலிருந்து பிடிக்க நாற்காலி மேல் ஏறி, விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பெண்ணின் அம்மா ஓடி வந்து, கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாளாம். அவர் கேட்டதும் அதுதான்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் ஏஜென்சி என்னை அனுப்பியது. வீடியோ வேலைக்கு இருந்த உதவியாளர்கள் இருவரும் அவர் வாய்க்குப் பயந்து ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். முதல் நாளே கஞ்சியைத் தள்ளிவிட்டார்.

"இது கஞ்சியா, பசையா?"

"பசைன்னா வாயை ஒட்டியிருக்குமே," என்றேன். குடித்தார்.

கல்யாண மண்டப மேலாளர் கெடு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தின் வீடியோ செவ்வாய் காலையில் கைக்கு வர வேண்டும். வந்தால் சீசன் முழுதும் இவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள். படம் பிடிக்கக் கூலிக்கு ஆள் கிடைத்தான். ஆனால் பழைய கம்ப்யூட்டர் ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி முடிக்கவே நாலு நாள் எடுக்கும்.

படுக்கையில் கிடந்தபடியே பட்டியல் எழுதினார். வேகமான ஒரு பிராசசர் வாங்கக் காசில்லை. அதன் பாதி விலைக்கு மலிவானவை இரண்டு கிடைக்கும். இரண்டு பிராசசர் உட்காரும் மதர்போர்டில் பொருத்தினால் வேலையைப் பங்கு போட்டுச் செய்யுமாம். பெட்டி பழையதே போதும். ராம் புதிது. பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

"ரெண்டு பிராசசர் மேலயும் எண் ஒண்ணா இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் பாதியில நின்னு தொலைக்கும். உங்களுக்கு எங்க புரியப்போகுது."

பட்டியலோடு நான் போன யோங்சான் கம்ப்யூட்டர் சந்தையில், மூன்றாம் மாடிக் கடைக்காரன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எவ்வளவு வரைக்கும் விசாரிச்சுட்டு வந்தீங்க, பெரியம்மா?"

"விசாரிக்கல. நீயே சொல்லு."

சொன்னான். அடுத்த கடைப் பக்கம் திரும்பினேன். விலை குறைந்தது. மதர்போர்டையும் மற்றதையும் அடுக்கி, மேலே இரண்டு பிராசசரை வைத்தான். கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். மருந்து கொடுக்கும்போது சீட்டையும் புட்டியையும் மூன்று தடவை ஒத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் கடைசி எண் 2, இன்னொன்றில் 5.

"ரெண்டும் ஒண்ணுதான். வேணும்னா எடுங்க, இல்லன்னா வழியை விடுங்க."

"பிராசசர் அடுக்கின தட்டை எடு. நானே பாத்துக்கறேன்."

"கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி பொறுக்குறீங்களா?"

"முள்ளங்கின்னா இவ்வளவு நேரம் ஆகாது தம்பி."

பின்னால் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அவர்களும் எண்ணைக் கேட்பார்கள் என்ற பயத்தில் தட்டைத் தூக்கிப் போட்டான். பதினேழாவதில் ஜோடி கிடைத்தது. ரசீதில் எண்ணையும் எழுதச் சொன்னேன். "உங்க வீட்டுல மருமக யாராச்சும் தங்கியிருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே எழுதினான்.

ஞாயிறு மதியம் பியோ படுக்கை மேசையில் எல்லாவற்றையும் பொருத்தினார். நான் டார்ச் பிடித்தேன். அசைத்துப் பிடித்ததாக ஏழு தடவை திட்டு வாங்கினேன். கம்ப்யூட்டர் ஓடியது. திரையில் ஒரே பிராசசர்.

"ஏமாந்துட்டு வந்துட்டீங்க! ஒரு கிழவிய அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"எண்ணை மூணு தடவை படிச்சேன். ரசீது இருக்கு."

"ரசீதை வேக வெச்சுத் தின்னுங்க!"

மின்சாரத்தை நிறுத்திவிட்டு டார்ச்சை உள்ளே காட்டினேன். முதல் பிராசசரைப் பூட்டும் பக்கத்துக் கம்பி படுத்திருந்தது. இரண்டாவதன் கம்பி நிமிர்ந்து நின்றது.

"இது ஏன் நிக்குது?"

எட்டிப் பார்த்தார். வலி மாத்திரை வேண்டாமென்று காலையில் துப்பியவர். வலியில் கம்பியை அழுத்தாமல் விட்டிருக்கிறார். இப்போது அழுத்தினார். மறுபடி போட்டதும் திரையில் இரண்டு வந்தன.

"டார்ச்சால நீங்கதான் இடிச்சிருப்பீங்க," என்றார். "மூத்திரப் புட்டியைக் கொண்டாங்க."

கொண்டு போனேன். மாத்திரையையும் கொண்டு போனேன். இந்த முறை விழுங்கினார்.

செவ்வாய் காலை ஒன்பதுக்கு வீடியோ மண்டபத்துக்குப் போனது. சீசன் அவருக்கே கிடைத்தது. ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த வாரமே ஏஜென்சிக்குப் போன் செய்து என்னை நிறுத்தச் சொன்னார். என் வேலை எப்படி என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

"வாய் ஜாஸ்தி," என்றாராம். "எண்ணைச் சரியாப் படிப்பாங்க."