பாதம் பெரிசு, தலை சிறுசு

அம்மன் சந்நிதியில் தோப்புக்கரணம் போடமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததை, இன்றைக்கு விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத நானே எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் அன்றைக்கு நான் செய்தது சரி.

ஏழாம் வகுப்பில் எனக்குப் படம் வரைகிற பித்து. அகரத்துப் பக்கம் எங்கள் தோட்டத்தில் களை எடுப்பவர்கள் நிமிர்வதற்குள் பேனாவை ஓட்டி, அந்தக் குனிந்த முதுகைத் தாளில் பிடித்துவிடுவேன். ஆள் அசைந்தால் கோடு கெட்டுப்போகும்.

அம்மாவுக்குத் திண்டுக்கல்லில் வயிற்றில் ஆபரேஷன். அவளை உள்ளே கொண்டுபோனதும், மாமாவை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்துவிட்டு, அப்பா என்னையும் அத்தையையும் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாஷ்டாங்கமாக விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் காலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் கையில் திருவிழா நோட்டீஸ். பின்பக்கம் வெள்ளை. விடுவேனா? முறம்போல இரண்டு உள்ளங்கால், பித்தவெடிப்போடு. அதற்கு அந்தப்பக்கம் துளி முதுகு, தோள். தலை சுண்டைக்காய் அளவு.

அத்தை பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். முன்பக்கம் அச்சடித்திருந்த அம்மன் முகத்தின்மேல் அப்பாவின் பாதம் சரியாக விழுந்தது.

"அடிப் பாவி! ஆத்தா மூஞ்சியிலயே காலை வச்சிருக்க. ஆறடி ஆளு எந்தம்பி, அவன முடமாக்கிப்புட்ட. அங்க உங்கம்மா கத்திக்குக் கீழ கிடக்கா, வேண்டுதல் பலிக்குமாடி? கிழிச்சுப் போட்டுட்டுப் போடு தோப்புக்கரணம்!"

கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"பின்னாடி ஆத்தா இருந்தத நான் பாக்கல, அதுக்குத்தான் இது. காலு இம்புட்டுப் பெருசாத்தான் தெரிஞ்சுச்சு. அதுக்குத் தோப்புக்கரணம் போடமாட்டேன், கிழிக்கவும் மாட்டேன். வேணும்னா நீங்களே இங்க உக்காந்து பாருங்க."

சத்தம் கேட்டு எழுந்த அப்பா தாளைப் பார்த்தார். மறுபடி போய் அப்படியே விழுந்தார். அத்தை முனகிக்கொண்டே என் இடத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கினாள், கழுத்தை நீட்டினாள்.

"எங்கடி, தலையவே காணோம்?" செத்த நேரம் கழித்து, "காலைத் தேச்சுக் கழுவிட்டாவது விழுந்திருக்கலாம்ல," என்று தம்பியின் மேல் பாய்ந்தாள்.

ஜெயித்த தெம்பில் நானாகவே ஒரு தப்பை ஒப்புக்கொண்டேன்.

"தோளுதாம்ப்பா சரியா வரல. நீங்க அசைஞ்சுக்கிட்டே இருந்தீங்க." அங்கே மட்டும் நாலைந்து கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இழுபட்டுக் கிடந்தன.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது சரியாத்தான் இருக்கு தாயி."

ஆத்தா புண்ணியத்தில் அம்மா நல்லபடியாக வீடு வந்தாள். நோட்டீஸை அப்பா சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். பாதத்துக்காக அவ்வளவு வாதாடிய நான், அடுத்த முறை தோளை ஒரே கோட்டில் வரைந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். தரையில் அசையாமல் கிடக்க வேண்டிய மனிதரின் தோள் எதற்காக அப்படிக் குலுங்கியது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.