அப்பாவின் பெயரில் இன்னொருவர் புத்தகம்

எங்கள் பக்கம் தலைமகனுக்குக் குலதெய்வத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். கோயில் விசேஷத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இருபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தட்டியபோதும் அதே கதைதான். சோதிடம் எழுதியவர், தல புராணம் எழுதியவர், பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் போட்டவர் என்று வரிசையாக வந்து நின்றார்கள்.

அப்பா எழுதியது ஒரே ஒரு புத்தகம், கரும்புச் சாகுபடி பற்றி. வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். வீட்டிலிருந்த ஒரே பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. அவரும் போய்ப் பத்து வருடமாகிறது. மோகனூரில் தனியாக இருந்த அம்மா, போன தையில், "அத ஒருக்கா கேக்கோணும் சாமி" என்றார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒரு வாரம் தேடினேன். அதே பெயர், அதே இனிஷியல், அதே கரும்பு என்று ஒன்று கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. முன்பக்கங்கள் ஸ்கேனில் விடுபட்டிருந்தன. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் நான் குடியிருக்கும் அஸ்தம்பட்டியிலிருந்து மோகனூருக்குக் கிளம்பினேன். அதுவரை பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும் மட்டும் தலைகாட்டிய மகன் நான். அம்மா கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்பார். நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். முடிந்ததும் சோறு போடுவார்.

ஏழாவது ஞாயிறு, கடைசி அத்தியாயம். அதில் எழுதியவர் தன் ஊரைச் சொல்கிறார். தென்பெண்ணைக் கரையில் எங்கோ. அப்பா பிறந்ததும் செத்ததும் காவிரிக் கரையில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா, இது அப்பா எழுதுனது இல்லீங்க. வேற யாரோ."

"மொத நாளே தெரியும் சாமி. உங்கப்பா என்னையக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவாரு. கரும்புக் கரணை எப்ப நடோணும், தண்ணி எப்பக் கட்டோணும், எல்லாம் நாஞ் சொன்னது. இதுல நாஞ் சொன்னது ஒண்ணுங் காணோம்."

"அன்னைக்கே ஏனுங்க சொல்லல?"

"சொன்னா நீ வாரது நின்னுபோயிருமில்ல?"

அதைக் கேட்டாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ரோஷம்தான் வந்தது. "சரியான புத்தகத்தோடதான் அடுத்து வாரேன்" என்றேன்.

"வெறுங்கையோடயே வா கண்ணு" என்றார் அம்மா.

நான் போகவில்லை. மூன்று ஞாயிறு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பெயர்க்காரர்களை ஒவ்வொருவராகப் புரட்டினேன். நாலாவது வாரம், புதன்கிழமை, அப்பாவின் புத்தகம் கிடைத்தது. பத்தாம் பக்கத்திலேயே, 'இது என் மனைவி சொன்னது' என்று எழுதியிருந்தார். ஞாயிறன்று நேரில் வாசித்துக் காட்டலாம் என்று போன்கூடச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் செய்தார்.

அந்த வரியை அம்மா கேட்காமலே போய்விட்டார். அதைக்கூட எப்படியாவது தாங்கிக்கொள்வேன். மூன்று ஞாயிறும் எனக்கும் சேர்த்துச் சோறாக்கி வைத்துவிட்டு, பொழுது சாயும்வரை அம்மா சாப்பிடாமல் இருந்தார் என்று அந்த அக்கா சொன்னார்.