குருசுமுத்துவின் முள்முடி

மன்னாரிலிருந்து வந்த குருசுமுத்துவுக்கு இலையில்லாத மரமென்றால் பட்ட மரம். டென்மார்க்கில் அவருக்கு அது முதல் குளிர்காலம். பெரிய வெள்ளிக்கு யேசுவின் சுரூபத்துக்கு முள்முடி பின்ன, ஓகூஸ் நகரப் பூங்காவில் மொட்டையாக நின்ற ஹாதோர்ன் முட்செடியை அடியோடு வெட்டினார். காவலாளி ஓடிவந்து கத்தினான்.

"இந்த மண்ணின்ரை செடியாம், வெட்டக்கூடாதாம்" என்று அவன் சொன்னதைத் தமிழில் சொன்னாள் கூடவந்த மனைவி றோஸ்.

"பட்ட முள்ளுக்கும் காவலோ?" என்று சீறினார் குருசுமுத்து.

வெட்டிய கொப்புகளை விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வளைப்பதற்கு இலகுவாகச் சூடான அறையில் ஒரு கிழமை தண்ணீரில் ஊறவைத்துப் பின்னினார்.

பெரிய வெள்ளியன்று, கோயிலில் சுரூபத்தின் தலையில் முள்முடி பச்சையாகத் துளிர்த்திருந்தது. "புதுமை!" என்று சனம் முழந்தாளிட்டது. குருசுமுத்து துளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"புதுமையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை! எழும்புங்கோ! உயிரோட நிண்டதை நான்தான் வெட்டிப்போட்டன்."